மலைப்பாதை அல்ட்ரா நேரலைகள்: சில வருடங்களாகப் பார்த்ததில் தெரிந்தவை

யூடிஎம்பி, வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், கோகோடோனா 250. மாரத்தானைவிட நீளமான, அல்ட்ரா எனப்படும் இந்த மூன்று ஓட்டங்களின் நேரலையையும் சில வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். இருபது மணி நேரம் யாரோ ஓடுவதை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும், ஆசையாகத் திறந்து அரை மணி நேரத்தில் மூடிவிட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். யார் எங்கே இருக்கிறார், நடுவே எத்தனை நிமிடம் என்று திரை சொல்கிறதா? அதுதான் எனக்கு முதல் கேள்வி.

யூடிஎம்பியையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசியில் பிரான்ஸின் ஷமோனியில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்கைச் சுற்றிக்கொண்டு திரும்ப ஷமோனிக்கே வரும் ஓட்டம். தூரம் 170 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். 2022இல் கிலியன் ஜோர்னெட் 19 மணி 49 நிமிடத்தில் முடித்து, 20 மணி நேரத்துக்குள் வந்த முதல் ஆள் ஆனார். இரண்டாவதாக வந்த மாத்யூ பிளான்ஷாரும் 20 மணிக்குள்தான். இருவருக்கும் இடையே ஐந்து நிமிடம் சொச்சம். ஒரு ராத்திரி முழுக்க, மறுநாள் மத்தியானம் வரை ஓடிய பிறகும் அவ்வளவுதான் வித்தியாசம்! இப்படி ஒரு ஓட்டத்தில் முதலில் போகிறவரின் முதுகை மட்டும் அரை மணி நேரம் காட்டினால் பந்தயம் நடப்பதே தெரியாது. இரண்டாமவர் அதே இடத்தை எத்தனை நிமிடம் கழித்துத் தாண்டினார், போன செக்பாயிண்டில் அது எத்தனையாக இருந்தது என்ற இரண்டு எண்களைத் திரை ஓரத்தில் போட்டால் போதும். மேட்டில் கைத்தடி ஊன்றி நடப்பவரைக்கூடக் கண் எடுக்காமல் பார்ப்போம்.

மலையிலிருந்து படம் எடுத்து அனுப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. முன்னணி வீரர்களுக்குப் பின்னால் கேமராவோடு ஓடுபவரும் நல்ல ஓட்டக்காரராக இருக்க வேண்டும். கையில் கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், முதுகுப் பையில் பேட்டரி, பல மொபைல் நெட்வொர்க்குகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் கருவி. சில கிலோமீட்டர் ஓடிவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள். மேடு ஏறும்போது அவருடைய மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கும். ராத்திரியில் நெற்றியில் கட்டிய ஹெட்லேம்பின் வெளிச்சம் விழும் நாலடி வட்டம்தான் படம். பனிமூட்டம் இறங்கினால் அதுவும் வெள்ளையாகிவிடும், ஹெலிகாப்டரும் பறக்க முடியாது. செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் வந்த பிறகு, சிக்னலே இல்லாத எய்ட் ஸ்டேஷன்களிலிருந்தும் (வழியில் சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கும் இடங்கள்) படம் வருகிறது, அது பெரிய மாற்றம். ஆனால் அடர்ந்த மரங்களும் குறுகிய பள்ளத்தாக்கும் இருக்கும் இடத்தில் அதற்கும் வானம் மறைந்துவிடும். அதனால் படம் உறைவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். உறைந்த நேரத்தில் வரைபடத்தையும் இடைவெளியையும் போட்டுக் காட்டாமல், பழைய ட்ரோன் காட்சியை ஓட்டுவதைத்தான் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓடும் கேமராவும் இல்லை, ட்ரோனும் இல்லை. எய்ட் ஸ்டேஷனில் ஒரு ஓரமாக அசையாமல் நிற்கும் கேமராதான். யூடிஎம்பியில் சுமார் 80 கிலோமீட்டரில் இத்தாலியின் கூர்மாயோர் வருகிறது. வெளியாள் உதவி செய்ய அனுமதி உள்ள சில இடங்களில் அதுவும் ஒன்று. முன்னால் இருப்பவர் உள்ளே வருவார், பெஞ்சில் உட்காருவார். உதவியாள் காலி ஃபிளாஸ்க்கை உருவிவிட்டு நிரப்பியதைச் செருகுவார், ஹெட்லேம்ப் பேட்டரியை மாற்றுவார். சூப்பை வாய் வரை கொண்டுபோய்க் குடிக்க முடியாமல் கீழே வைப்பார் ஒருவர். இன்னொருவர் நின்றபடியே கோலாவைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அடுத்த 90 கிலோமீட்டரில் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்பதற்கு அங்கேயே துப்பு கிடைத்துவிடும். அந்த நேரத்தில் வர்ணனையாளர் வாயை மூடிக்கொண்டு பார்க்க விட்டால் அவருக்கு என் வணக்கம்.

கோபம் வருகிற விஷயம் பெண்கள் பந்தயம். நான் பார்த்த சில நேரலைகளில், பெயர் வேண்டாம், ஆண்களில் எட்டாம் இடத்தைக் காட்ட நேரம் இருந்தது, பெண்களில் இரண்டாம் இடத்துக்கு இல்லை. கலிபோர்னியாவில் நடக்கும் 100 மைல் ஓட்டமான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் 2023இல் கோர்ட்னி டௌவால்டர் 15 மணி 29 நிமிடத்தில் முடித்தார். பழைய சாதனை ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. இரண்டாவதாக வந்த கேட்டி ஷைடும் அந்தப் பழைய சாதனையை முந்திவிட்டார். இதெல்லாம் தனி கேமராவும் தனி நேரமும் ஒதுக்கிக் காட்ட வேண்டிய பந்தயம். பெரிய நேரலைகள் இப்போது தேறி வருகின்றன. இன்னும் வேண்டும்.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்றதும் கோல்டன் அவர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவின் ஆபர்னில் ஒரு பள்ளி மைதானத்தில் ஓட்டம் முடிகிறது. கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை முடிக்க வேண்டிய கெடு, 30 மணி நேரம். அதில் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்தப் பெயர். 2015இல் 70 வயது குன்ஹில்ட் ஸ்வான்சன் ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது கோட்டைத் தொட்டார். அந்த வருடம் முதலில் வந்த ராப் க்ரார் அவரோடு கூடவே ஓடி வந்தார். இப்போது அந்த மணி நேரம் முழுவதும் நேரலையில் கிடைக்கிறது. ட்ராக்கைக் காட்டும் கேமரா, மூலையில் கடிகாரம், பெயர் வாசிக்கும் குரல். ஜெயித்தவர் யார் என்று தெரியாதவரும் இதை உட்கார்ந்து பார்ப்பார்.

கோகோடோனா வேறு ரகம். அரிசோனாவில் மே மாதம் சுமார் 250 மைல், கட்-ஆஃப் 125 மணி நேரம். நாள் கணக்கில் ஓடும் நேரலை. ஜிபிஎஸ் புள்ளிகள் நகரும் வரைபடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், எனக்கு அதுவே பிடிக்கும். வீட்டில் ஓரமாக ஓடவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நேரலையே இல்லாத டென்னசியின் பார்க்லி மாரத்தானையும் நினைத்துப் பாருங்கள். பெயர்தான் மாரத்தான், அதுவும் அல்ட்ராதான். 2024இல் ஜாஸ்மின் பாரிஸ் 60 மணி நேரக் கெடுவுக்கு 99 விநாடி முன்னால் வந்து, அதை முடித்த முதல் பெண் ஆனார். நமக்குக் கிடைத்ததெல்லாம் சமூக ஊடகத்தில் வந்த சின்னச் சின்ன எழுத்துச் செய்திகள்தான். அதற்கே உலகம் முழுக்க ஆட்கள் தூங்காமல் இருந்தார்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கு. யூடிஎம்பி வெள்ளி மாலை கிளம்பும்போது நமக்கு, இந்திய நேரப்படி, இரவு 9.30 வாக்கில் ஆகிவிடும். தொடக்கத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். காலை 6 மணிக்குத் திறந்தால் முன்னணி ஆட்கள் கூர்மாயோர் பக்கம் இருப்பார்கள், முடிவு சனி மாலை. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஜூன் கடைசியில் நமக்குச் சனி மாலை 5.30க்குத் தொடங்கும், கோல்டன் அவர் ஞாயிறு இரவு 10.30 முதல் 11.30 வரை. யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் டிராக்கர் பக்கத்தை இன்னொரு போனில் திறந்து வையுங்கள். ஆனால் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், கடைசிக் கட்டத்தில் டிராக்கர் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிடும். அப்போது அதை மூடிவிடுங்கள். 12 மணி நேரத்தைத் தாண்டிய ஒரே நேரலையை யூடியூப் தானாக முழுசாகச் சேமிப்பதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து ஒளிபரப்பியிருந்தால்தான் பிறகு தேடிப் பார்க்க முடியும். பகுதி பிரிக்காத நேரலை என்றால், பிடித்த இடத்தை அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.