திருட்டுக்கு நாடு கடத்தல்: அமெரிக்காவா, ஆஸ்திரேலியாவா?

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் துணிமணி திருடி மாட்டியவருக்கு 7 ஆண்டு நாடு கடத்தல் சர்வசாதாரணமான தீர்ப்பு. எந்தக் கரையில் இறக்கினார்கள் என்பதில்தான் தலையெழுத்தே மாறியது.

1718இன் நாடு கடத்தல் சட்டத்துக்குப் பின் பெரும்பாலும் அமெரிக்காதான். அரசு கைதிகளை வணிகர்களிடம் ஒப்படைத்துக் கைகழுவிவிடும். அவர்கள் மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் கைதிகளை விலைக்கு விற்றார்கள். வாங்குபவர் மாடு பிடிப்பதுபோல் உடம்பைச் சோதித்துப் பார்ப்பார். பிறகு தண்டனைக் காலம் முடியும்வரை புகையிலைத் தோட்டத்தில் உழைப்பு. சுமார் 50,000 பேர் இப்படிப் போனார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது.

அடுத்தது ஆஸ்திரேலியா. 1787 மே மாதம் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பின. பயணம் எட்டு மாதம். இங்கே எஜமான் அரசே. நன்னடத்தை காட்டினால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். தன் கூலிக்குத் தானே வேலை தேடலாம். தொடக்க காலத்தில் விடுதலையானவர்கள் சிலருக்கு நிலமும் கிடைத்தது. அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த மண் என்பதை மறக்கவே கூடாது. இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்ததற்கு மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு 1790இல் வந்திறங்கிய சிறுமி மேரி வேட், 1859 வரை அங்கேயே வாழ்ந்தார்.

பிழைத்து எழ ஆஸ்திரேலியாவில்தான் வழி அதிகம் என்பேன். ஆனால் பயணமே உயிரைக் குடிக்கலாம்: 1790இன் இரண்டாம் கப்பல் தொகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடலிலேயே மாண்டார். ஊர் திரும்ப நினைத்தவருக்கு அமெரிக்காவே கிட்டத்தில் இருந்தது. கெடுவுக்கு முன் வந்து பிடிபட்டால் தூக்கு.