ட்ராஃபிக்கா, நான்-ட்ராஃபிக்கா? ஏடிவி மோதல் சார்ட்டுக்கு எந்தக் கோடு

ராத்திரி ஷிஃப்டில் அமெரிக்க இஆர் (அவசர சிகிச்சைப் பிரிவு) சார்ட் போடுகிறவர்களுக்கு, அதாவது நோயாளியின் பதிவைப் படித்து ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்கப் பட்டியலிலிருந்து காயத்துக்கும் அதன் காரணத்துக்கும் கோடு போடுகிறவர்களுக்கு, பழகின கதைதான். நாலு சக்கர ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் திறந்த வண்டி), காட்டுப் பாதை, எதிரே வந்த இன்னொரு ஏடிவியில் மோதல், ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்ததில் வலது காறை எலும்பு முறிவு. எலும்புக்கு யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. நடுப்பகுதி உடைந்து விலகியிருந்தால் எஸ்42.021ஏ (கடைசி ஏ, சிகிச்சையின் முதல் கட்டத்துக்கு), முடிந்தது. சண்டையெல்லாம் எக்ஸ்டர்னல் காஸில்தான், அதாவது காயம் எப்படி வந்தது என்று சொல்லும் கோடில்.

முதல் சண்டை வி86.05-க்கும் வி86.55-க்கும். இரண்டுமே ஏடிவி ஓட்டியவருக்கான கோடுகள், முன்னது ட்ராஃபிக் (பொதுச்சாலையில் நடந்தது), பின்னது நான்-ட்ராஃபிக் (சாலைக்கு வெளியே நடந்தது). புதிதாக வருகிறவர் கார் விபத்து சார்ட் போட்ட கையோடு இதற்கு வருவார். காரில் இடம் எதுவும் எழுதாவிட்டால் பொதுச்சாலை என்று எடுத்துக்கொள்வதுதான் விதி, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ட்ராஃபிக் போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன், ஆடிட்டில் எரர் வாங்கியிருக்கிறேன். மோதலில் இருப்பது ஆஃப்-ரோடு வண்டிகள் மட்டும் என்றால் விதி தலைகீழ்: சாலையில் நடந்ததாக எழுதியிருந்தால் ஒழிய அது நான்-ட்ராஃபிக். ஐசிடி-10-சிஎம் டேபுலரில் (கோடுகளை வரிசையாகத் தரும் பகுதி) வி கோடுகளின் ஆரம்பத்தில் வரும் வரையறைகளிலேயே இது இருக்கிறது, நாம்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டி நேராகக் கோடு லிஸ்டுக்குப் போய்விடுகிறோம். அதனால் மேலே சொன்ன சார்ட்டுக்கு வி86.55எக்ஸ்ஏ (எக்ஸ் காலி இடத்தை நிரப்ப மட்டும்). கூடவே காடு என்பதற்கு ஒய்92.821, பொழுதுபோக்குக்கு ஓட்டியதால் ஒய்99.8.

அதே ஆள் ஊர்ச்சாலையைக் கடக்கும்போது பிக்கப் ட்ரக் வந்து அடித்திருந்தால் வி86.05எக்ஸ்ஏ. இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. பிக்கப் ஓட்டியவருக்கும் அடிபட்டு அவர் சார்ட்டும் உங்கள் க்யூவில் வந்தால் அது வி59.49, அதாவது பிக்கப் ஓட்டுநர், வேறு மோட்டார் வண்டியோடு மோதல், ட்ராஃபிக். ஏடிவிக்காரர் கோடில் தான் எந்த வண்டியில் இருந்தோம் என்பது இருக்கிறது, எதில் மோதினோம் என்பது கிடையாது. மரமோ ட்ரக்கோ இன்னொரு ஏடிவியோ எல்லாம் அதே கோடுதான். ட்ரக்காரர் கோடில் மோதல் இருக்கிறது, ஏடிவி என்ற பேச்சே இல்லை. ஒரே மோதல், இரண்டு சார்ட், இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் கதை முழுசாக வராது. மோதியது எதில் என்று தேடித்தேடி நேரத்தை வீணாக்குகிறவர்களுக்கு நான் சொல்வது: வி86-க்கு அவ்வளவு விவரம் தேவையில்லை; ட்ராஃபிக்கா இல்லையா என்று தீர்மானிக்க, எதிர் வண்டி ஆஃப்-ரோடா இல்லையா என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது டர்ட் பைக், மண் பாதைக்கென்றே செய்த பைக். சார்ட்டில் "மோட்டார்சைக்கிள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மோட்டோக்ராஸ் ட்ராக் என்றிருக்கும். வி20 முதல் வி29 வரையுள்ள மோட்டார்சைக்கிள் குடும்பமா, வி86.56-ஆ? டர்ட் பைக் என்று தெளிவாக இருந்தால் வி86.56 தவிர வேறு பேச்சில்லை. சாலையில் ஓட்டுகிற பைக்கை ஒருவர் மண் பாதைக்குக் கொண்டுபோயிருந்தால் அது மோட்டார்சைக்கிள்தான் என்பது என் கட்சி, வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதுதான் கணக்கு. பழைய டேட்டா பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏடிவிக்கும் டர்ட் பைக்குக்கும் தனி இடம் வந்தது 2016 அக்டோபரில். அதற்கு முன் ஒரு வருஷம், நான்-ட்ராஃபிக் ஓட்டுநருக்கு, இரண்டும் "மற்றவை" என்ற வி86.59-க்குள்தான் கிடந்தன. அதற்கும் முந்தைய ஐசிடி-9-இல் ஸ்னோமொபைலுக்கு ஈ820, மற்ற எல்லா ஆஃப்-ரோடு வண்டிக்கும் ஒரே ஈ821.

பண்ணையில் ஏடிவி ஓட்டி மாடு மேய்க்கிறவர் வேலிக்கம்பத்தில் மோதினால் வி84 போடலாமா என்று ட்ரெயினிங்கில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். போடக்கூடாது. வி84 ட்ராக்டர், அறுவடை இயந்திரம் மாதிரி விவசாயத்துக்கென்றே செய்த வண்டிகளுக்கு. பண்ணை வயல் என்பது ஒய்92.73-இல் போகும், கூலி வேலை என்பது ஒய்99.0-இல் போகும், வண்டி வி86.55-ஆகவே இருக்கும். (இதே வி86-க்குள் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் இருப்பது தனி வேடிக்கை. மூன்று சக்கர ஏடிவியும் கோடின் பெயரில் இன்னும் இருக்கிறது, அமெரிக்காவில் புது வண்டியாக அதன் விற்பனை 1988-லேயே நின்றுபோனாலும்.)

எனக்குப் பிடித்த விவாதம் பின்னால் உட்கார்ந்த பையனுடையது. நிறைய ஏடிவிகளில் ஒரே ஆளுக்குத்தான் சீட். அப்பா ஓட்ட, பையன் பின்பக்கம் சாமான் வைக்கிற ரேக்கில் உட்கார்ந்து வருகிறான், மோதலில் விழுகிறான். பயணி என்றால் வி86.65, வண்டிக்கு வெளியே இருந்தவர் என்றால் வி86.75. சீட்டில் இல்லை, அதனால் "வெளியே" என்று பலர் 75 போடுகிறார்கள். வரையறையை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: ஓட்டுநர், பயணி இடத்திலும் இல்லாமல், சாமான் வைக்கும் இடத்திலும் இல்லாமல் வருகிறவர்தான் வெளியே இருந்தவர். பம்பர், ஃபெண்டர், படி மாதிரி இடங்கள் அதில் வரும். ரேக் சாமான் வைக்கும் இடம். அப்போது பையன் பயணி, வி86.65எக்ஸ்ஏ. இதை ஒரு க்யூஏவோடு (நாம் போட்ட கோடுகளைச் சரிபார்க்கிறவர்) அரை மணி நேரம் பேசித்தான் திருத்த முடிந்தது. அதே ஏடிவி நடந்து போன ஒருவரை மோதியிருந்தால் வி86 பக்கமே போகக்கூடாது, அவர் வண்டியில் இல்லை. நான்-ட்ராஃபிக் என்றால் வி09.09எக்ஸ்ஏ.

சரி, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, இதற்குப் பணம் வராதே என்பார்கள். உண்மைதான், நாடு முழுக்கக் கட்டாயம் என்று கைட்லைனில் இல்லை, மாநிலமோ பேயரோ (காப்பீடு மாதிரி பணம் கட்டுகிற நிறுவனம்) கேட்டால்தான். ஆனால் ட்ராமா சென்டர் (பெரிய காயங்களுக்கான மருத்துவமனை) சார்ட் என்றால் அமெரிக்காவின் தேசிய ட்ராமா ரெஜிஸ்ட்ரிக்கு இந்தக் காரணக் கோடும் இடக் கோடும் போயாக வேண்டும், அங்கே தப்பாகப் போட்டால் எண்ணிக்கையே மாறும்.

அப்புறம், அதே காறை எலும்பு ஆள் மூன்று வாரம் கழித்துக் கட்டு பார்க்க வந்தால் எஸ்42.021டி, வி86.55எக்ஸ்டி (டி, பிந்தைய கவனிப்புக்கு). முதல் சார்ட்டைக் காப்பி செய்து ஒய்92-ஐயும் ஒய்99-ஐயும் கூடவே ஒட்டாதீர்கள், அவை முதல் தடவைக்கு மட்டும்.