சீரிஸ் டூஏ லேண்ட் ரோவருக்கு எந்தக் கியர்பொக்ஸ்?

1961 முதல் 1971 வரை வெளிவந்த சீரிஸ் டூஏ லேண்ட் ரோவரை மலையகத்தில் வைத்திருப்பவர்கள் பலருக்கும், இறக்கத்தில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டாம் கியர் தானாகவே கழன்றுவிடும் நிலை ஒருநாள் வந்து சேரும். அப்போது இருக்கிற கியர்பொக்ஸ் பெட்டியையே பிரித்துத் திருத்துவதா, அடுத்த தலைமுறையான சீரிஸ் த்ரீயின் பெட்டியை மாட்டுவதா, அல்லது ஐந்து கியர் கொண்ட வேறொரு பெட்டிக்குப் போய்விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். நான் சீரிஸ் த்ரீ பெட்டியை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால், கீழே வருவதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பெட்டியைத் திருத்துவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உறுதியான பெட்டி. ஆனால் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ், அதாவது கியர் விழும்போது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, உண்டு. முதலாம், இரண்டாம் கியர்களுக்கு இறங்கும்போது கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தையும் கூட்டித்தான் போட வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்த ஒரே சாரதி ஓட்டும் வண்டியென்றால், பெயாரிங்குகளையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றிக்கொண்டு அதே பெட்டியோடு இருப்பதே மலிவு. அதற்கு முன்னரே, செலக்டர் ஸ்பிரிங்குகளையும் கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அவை தளர்ந்திருந்தாலும் கியர் கழலும், அவற்றை மாற்றப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் தோட்டத்து வண்டி ஒருவர் கையில் நிற்பதில்லை. ரம்பொடைப் பக்கத்துக் கொண்டையூசி வளைவொன்றில் சுமையோடு ஏறும்போது, வண்டியின் வேகம் சட்டென விழும் அந்தக் கணத்தில் இரண்டாம் கியர் தடையின்றி விழ வேண்டும். விழாவிட்டால் வண்டி நடு வளைவில் நின்றுவிடும். வலிந்து தள்ளினால் பற்கள் அரைபடும். சீரிஸ் த்ரீ 1971-இல் வந்தபோது முன்னோக்கிய நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் கிடைத்தது. ஏறும் வலுவில் இரண்டுக்கும் இடையே பேசத்தக்க வித்தியாசம் கிடையாது. இழுவைக்கான தாழ்நிலை முதலாம் கியரில் இரண்டு வண்டிகளுமே ஏறத்தாழ 40:1 என்ற மொத்த விகிதத்தைத்தான் (சில்லின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 40 சுற்று) தருகின்றன. வித்தியாசம் முழுவதும் கியர் மாற்றும் கையில்தான் இருக்கிறது. இந்தப் பெட்டியிலும் குறை உண்டு: முதலாம், இரண்டாம் கியர்களின் சிங்க்ரோ அவ்வளவு பலமானதல்ல. விடிகாலைக் குளிரில் ஒயில் தடித்திருக்கும்போது அவசரப்படுத்தினால் அது விரைவில் தேய்ந்துவிடும். பழைய பெட்டிதான் இதைவிட முரட்டுத்தனமானது என்று சொல்லும் மெக்கானிக்குகளோடு நான் வாதாடுவதில்லை.

மாட்டுவதில் உள்ள சங்கடம் கிளச் பக்கத்தில்தான். டூஏயில், கிளச்சை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தால் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே ஒரு தாங்கியில் இருந்து, குறுக்குத் தண்டு ஒன்றின் வழியாகக் கிளச்சை விடுவிக்கும்; த்ரீயில் அது கிளச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியை மட்டும் தனியாக வாங்கிவிட்டுப் பிறகு கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைவதை விட, பெல் ஹவுசிங், ஸ்லேவ் சிலிண்டர், ஒயில் பைப் ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வாங்குவதே புத்தி. கிளச் தட்டும் ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். மற்றவை பெரும்பாலும் அப்படியே அமர்ந்துவிடும்.

இனி ஐந்து கியர். இதை நான் விலக்கியதற்கு ஒரே காரணம் பராமரிப்பு. சீரிஸ் வண்டியில், முன், பின் அச்சுகளுக்கு இயக்கத்தைப் பகிர்ந்து உயர்நிலை, தாழ்நிலை என மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் தனியான பொருளல்ல. அது கியர்பொக்ஸின் பின்புறத்தோடு சேர்ந்தே இயங்குகிறது. கியர்பொக்ஸை வேறு இனத்துக்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபர் பொக்ஸும் போகும். அதன் பின்னால் இருக்கும் டிரம்மில்தான் கை பிரேக் வேலை செய்கிறது என்பதால் அதுவும் கூடவே போகும். பின் சில்லுகளின் டிரம்களில் கை பிரேக்குக்கான அமைப்பே கிடையாது. லேண்ட் ரோவரின் சொந்த ஐந்து கியர்ப் பெட்டியான எல்டி77-ஐ அதனுடன் வரும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் பொக்ஸோடு வைத்தால் கை பிரேக் பிரச்சினை தீரும்; ஆனால் எல்டி230 நான்கு சில்லுகளையும் எப்போதும் இயக்குவது. சீரிஸின் முன் அச்சிலோ, சில்லுத் திருப்பத்தில் சாதாரண யுனிவர்சல் ஜாயிண்டுகளே உள்ளன. திரும்பும்போது அவை ஒரே சீராகச் சுழலாததால், தார் வீதியில் ஸ்டியரிங் கையில் துடிப்பதை உணரலாம். அதைத் தவிர்க்க முன் அச்சையும் மாற்ற வேண்டும் அல்லது முன் இயக்கத்தைத் துண்டிக்க வேறொரு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜப்பானிய டீசல் எஞ்சினோடு அதன் ஐந்து கியர்ப் பெட்டியையும் போட்ட வண்டிகள் நம் நாட்டில் உண்டு. அவற்றில் சிக்கல் வேறு விதம். சீரிஸின் முன், பின் டிஃபரென்ஷியல்கள் இரண்டுமே நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளியிருக்கின்றன. நடுவிலிருந்து இயக்கம் தரும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் ஒன்றை வைத்தால், பின் புரொப்பெல்லர் தண்டு மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சாய்ந்து ஓடும்; கிராஸ்கள் (தண்டின் முனைகளிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகள்) அடிக்கடி தேயும். இதைவிட எனக்குப் பயம் தருவது பழைய எஞ்சினை வைத்துக்கொண்டே புதிய பெட்டியை இணைப்பதற்காக லேத்தில் கடைந்தெடுக்கும் அடாப்டர் தகடுதான். கியர்பொக்ஸின் உள்நுழை தண்டு ஃபிளைவீலின் மையத்திலுள்ள சிறிய புஷ்ஷில் போய் அமர்கிறது. தகட்டின் மையம் மயிரிழை அளவு விலகினாலும் அந்தப் புஷ்ஷும், தண்டின் முன் பெயாரிங்கும் மெதுவாகத் தின்னப்படும். டயல் கேஜ் வைத்து அளந்துதான் தகட்டைப் பொருத்தினார்களா என்பது வண்டியை வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. அதற்கு வரைபடமும் இல்லை, பாக இலக்கமும் இல்லை. கடைந்தவர் தொழிலை விட்டுவிட்டால் அந்த வண்டியைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விடும். மறுபுறம், சீரிஸ் பெட்டியின் உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் விற்பனையில் உள்ளன; திருத்தும் முறை அச்சான கைநூலில் படிப்படியாக இருக்கிறது. முன் ஆசனப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றி, பெட்டியைக் கேபினுக்குள்ளால் தூக்கி வெளியே எடுக்கும் அந்த வேலை எந்தத் தெரிவிலும் சலிப்பூட்டுவதுதான். ஆகவே அடுத்த முறை அதை எடுக்கும்போது உள்ளே இருப்பது என்ன என்று எந்தக் கராஜிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது.

அதிவேக நெடுஞ்சாலைக்காகத்தான் ஐந்தாம் கியர் வேண்டும் என்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சீரிஸின் நான்காம் கியர், உயர்நிலை டிரான்ஸ்ஃபர், 4.7 அச்சு எல்லாம் சேர்ந்த மொத்த விகிதம் ஏறத்தாழ 5.4. லேண்ட் ரோவரின் பிந்திய வண்டியான டிஸ்கவரியின் 1.222 விகித எல்டி230-உடன் 0.77 ஐந்தாம் கியரைச் சேர்த்து, அச்சுகளை மாற்றாமல் விட்டால் அது 4.4 ஆகிறது. பழைய பெட்டியிலேயே ஃபேரி ஓவர்டிரைவை, அதாவது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்த் தொகுதியை, பூட்டினால், அதன் விகிதம் 0.782 என்பதால், 4.2. இவ்வளவு வெட்டலும் ஒட்டலும் செய்து கிடைப்பதை விட ஓவர்டிரைவில் எஞ்சின் இன்னும் சற்று நிதானமாகவே சுழலும்! ஓவர்டிரைவ் பூட்டிய வண்டியை நான் குறைந்த தூரமே ஓட்டியிருக்கிறேன். அதன் ஆயுளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதற்குத் தனி ஒயில் உண்டு, அளவும் சொற்பம், ஆதலால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதும், வெளி இயந்திரங்களை ஓட்ட வலு எடுக்கும் பின்புற பீடிஓ இடத்தை அது பிடித்துக்கொள்ளும் என்பதும் மட்டும் நிச்சயம்.

பழைய சீரிஸ் த்ரீ பெட்டியை வாங்கப் போகிறவர் மேல் மூடியைத் திறந்து பற்களைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்க வேண்டும். பொன்னிறத் தூள் சிங்க்ரோ வளையங்களின் தேய்மானம். கொஞ்சமாக இருந்தால் பேரம் பேசலாம். காந்தத்தில் ஒட்டும் உருக்குச் செதில் கிடைத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கழற்றிய டூஏ பெட்டியை இரும்பு விலைக்குப் போடாமல் ஒயில் பூசி வைத்திருங்கள். அசல் நிலையில் வண்டியைக் கேட்பவருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் விலை படியும்.