கோயில் அடித்தரையைப் பார்க்க ரேடாரா, மின்தடை ஆய்வா?

எங்கள் ஊர்க் கோயிலில் கருவறையின் வடக்குச் சுவர் விரிசல் விட்டிருந்தது. திருப்பணியில் சுவரைத் தொடுவதற்கு முன் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க தரைக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலியைப் பதியும் ரேடார், மின்தடை ஆய்வு என்ற இரண்டு முறைகளையும் செய்தோம். காவிரிப் படுகைக் கோயில் என்றால் என் ஓட்டு மின்தடை ஆய்வுக்குத்தான்.

ரேடாரின் வசதி தெரிந்ததே. தள்ளுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போகலாம், ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம், அரை நாளில் முடியும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1268இல் பதித்த தளத்துக்கு அடியில் பழைய கல்லறைகள் இருப்பதை 2005இல் காட்டியது ரேடார்தான்.

ஆனால் ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும். எங்கள் பிராகாரத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை ஓட்டியபோது தளக்கல்லும் அதன்கீழ் மணலும் வரிவரியாகத் தெரிந்தன. 80 சென்டிமீட்டருக்குக் கீழே திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம். எங்களுக்கு வேண்டியதோ அதற்கும் கீழே இருந்தது.

மின்தடை ஆய்வு, போர்வெல் போட நீரோட்டம் பார்ப்பார்களே, அதே தத்துவம். இரண்டு கம்பி வழியாக மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். நனைந்த களிமண்ணின் தடை சுமார் 10 ஓம்-மீட்டர்தான். காய்ந்த மணலுக்குப் பல நூறு. அதனால் தண்ணீர் தேங்கும் இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். தளக்கல் இடுக்குகளில் மீட்டருக்கு ஒன்றாக 48 கம்பிகள் செருகினோம். வரிசை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் தெரியும் என்பது கணக்கு. எங்களுக்கு 9 மீட்டர் கிடைத்தது. அளவீடுகளிலிருந்து வரைந்த படத்தில் கோமுகிக்கு நேர் கீழே ஒரு நீலத் திட்டு. நீலம் என்றால் தடை குறைவு, அதாவது ஈரம். அங்கே ஒரு குழி தோண்டினோம். அபிஷேகத் தண்ணீர் போகும் கால்வாய் உடைந்து, மண் பிசைந்த மாவாக இருந்தது. புளித்த பால் வாடை வேறு.

மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் குகுல்கன் பிரமிடுக்கு அடியில் நீர் நிறைந்த பள்ளம் இருப்பதாக 2015இல் அறிவித்ததும் மின்தடை ஆய்வை வைத்துத்தான்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் ஆகும். பக்கத்தில் இரும்புக் குழாயோ எர்த் கம்பியோ இருந்தால் அளவு குழம்பும். ஒரே அளவீட்டுக்குப் பல படங்கள் பொருந்தும் என்பதால் குழி தோண்டிச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. மலைக்கோயில்களில் நான் செய்து பார்த்ததில்லை. பாறைமேல் மெல்லிய மண் என்றால் ரேடாரே போதும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் அளந்தது சித்திரையில். கால்வாயைச் சரிசெய்தாகிவிட்டது. ஐப்பசி மழை விட்டதும் அதே இடுக்குகளில் மறுபடி அளக்க வேண்டும். கம்பி செருகிய இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.