வேலையை இழக்கும் நேரத்தில் நான் நாடிய வழக்கறிஞர்

11 ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை அழைத்து, முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னது. இரண்டு நாள் அவகாசம் கேட்டு வெளியே வந்த நான், மறுநாள் காலை, தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவர் மாதம் இருமுறை ஒரு சமுதாயக் கூடத்தில் நடத்தும் இலவச ஆலோசனைக்குச் சென்றேன். பின்னர் அவரே என் வழக்கையும் எடுத்துக்கொண்டார். அவருடைய சேவை பற்றிய என் மதிப்பீடு இது.

எதையும் கேட்பதற்கு முன் அவர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார். தொழில் தொடங்கிய முதல் 8 ஆண்டுகள் முதலாளிகள் தரப்பில் வாதாடியவர் என்பதால், அந்த நிறுவனத்துக்கு முன்பு ஆலோசனை சொல்லியிருந்தால் என் வழக்கை ஏற்க முடியாது என்று விளக்கினார். அடுத்த கேள்வி, "எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?" என்பது. போட்டிருந்தால் அது பணிநீக்கம் ஆகாது, நானாக விலகியதாகவே கொள்ளப்படும். வற்புறுத்தலின் பேரில் கையெழுத்திட்டேன் என்று நிரூபிக்கும் சுமையும் என் தலையில் விழும் என்றார். அன்றிரவே, நடந்தவற்றைத் தேதி வாரியாக, யார் உடனிருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதோடு எழுதி வைக்கச் சொன்னார். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டாம், அதையே காரணமாக்கி வெளியேற்றிவிடுவார்கள் என்ற எச்சரிக்கை எனக்கு மிகவும் தேவையாக இருந்தது. நான் அதைத்தான் செய்யவிருந்தேன்.

அவருடைய பழைய அனுபவத்தின் பலனை எதிர்த்தரப்பின் முதல் பதில் வந்தபோது கண்டேன். என் செயல்திறன் குறைந்துவிட்டது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அப்படியானால் அதற்கு முன் ஏன் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்கப்படவில்லை, கடைசி ஆண்டு மதிப்பீட்டில் ஏன் பாராட்டு இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் அவர் கேட்டார். அதன் பிறகே சமரசப் பேச்சு தொடங்கியது.

நீதிமன்றம் சென்றால் கிடைக்கக்கூடிய தொகையில் பெரும்பகுதி செலவாகிவிடும் என்பதை மறைக்காமல் சொன்னவரும் அவரே. நான் மீண்டும் அதே இருக்கைக்குத் திரும்பவே விரும்பினேன். அது நடக்கும் என்று அவர் ஒருபோதும் ஆசை காட்டவில்லை. முடிவில் நிலுவைச் சம்பளமும் ஒரு தீர்வுத் தொகையும், என்ன வாசகம் இருக்க வேண்டும் என்று நாங்களே எழுதிக் கொடுத்த அனுபவச் சான்றிதழும் கிடைத்தன. ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி தொகையை இங்கே சொல்ல இயலாது.

குறை ஒன்று உண்டு. தொலைபேசியில் அவரைப் பிடிப்பது கடினம். ஒருமுறை மூன்று நாள் பதில் வரவில்லை, வேலை போய்விடுமோ என்று தவிப்பவருக்கு மூன்று நாள் மிக நீண்ட காலம். கட்டண ஒப்பந்தம் எழுத்தில், தெளிவாக இருந்தது.

வழக்கு முடிந்த பிறகும் அந்தச் சமுதாயக் கூடத்துக்கு நான் சென்று வருகிறேன். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் காவலாளிகளுக்கும் அவர் அங்கே மாலை வகுப்பு எடுக்கிறார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் எண் உடன்படிக்கை, தகுந்த காரணமின்றிப் பணிநீக்கம் கூடாது என்றும், நடத்தையையோ திறமையையோ காரணம் காட்டினால் அதற்கு முன் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்வதை அவர் விளக்கியபோது, என் வெள்ளிக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஓரிடத்தில் வேலைப் பயிற்சியில் இருக்கும் தன்னை அங்கே துன்புறுத்தினால் புகார் செய்ய முடியுமா என்று ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேலையிடத்தில் வன்முறை, துன்புறுத்தல் பற்றிய அதே அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் எண் உடன்படிக்கை பயிற்சி பெறுபவர்களையும் வேலை தேடி வருபவர்களையும் சேர்த்தே பாதுகாப்பதைச் சொல்லி, வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணுடன் தனியாக அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினார்.

அவரிடம் செல்பவர்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஆண்டு மதிப்பீடுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். புகார் செய்வதற்குக் காலவரம்பு இருக்கிறது, அதைக் கணக்கிட அவர் முதலில் தேடுவது அந்தத் தாள்களைத்தான்.