ஆறு ஞாயிறுகளில் பிரெஞ்சுத் தொழிற்சங்க வரலாறு: நாகர்கோவில் வகுப்பு எப்படி இருந்தது?

நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டம் கட்டணம் பெற்று நடத்திய, பிரெஞ்சுத் தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறு பற்றிய ஆறு வார வகுப்பில் 900 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நான் மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலைத் தொழிலாளர் சங்கமொன்றில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணியே சங்கத்தின் பலத்தை அளந்து பழகியவன். பிரான்சில் உழைப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர் என்றும், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், சங்கங்களும் முதலாளிகளும் பேசிக் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டு என்றும் அறிவிப்புத் தாளில் போட்டிருந்ததைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இந்தக் கணக்கு எப்படி நேராகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஞாயிறுதோறும் பேருந்து ஏறினேன் என்பதால், வகுப்பையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன்.

முதல் இரண்டு வகுப்புகள் கொடுத்த பணத்துக்கு மேலாகவே இருந்தன. 1791 ஜூன் 14 அன்று நிறைவேறிய லு ஷப்பலியே சட்டத்தில் ஆசிரியர் தொடங்கினார். குடிமகனுக்கும் அரசுக்கும் இடையில் எந்தக் கூட்டமைப்பும் நிற்கக் கூடாது என்று வாதிட்ட பிரெஞ்சுப் புரட்சி, பழைய தொழிற்குழுக்களை ஒழித்த கையோடு, கூலிக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதையும் குற்றமாக்கிய விதத்தை அவர் விளக்கியபோது, சுதந்திரத்தின் பெயரால் பூட்டப்பட்ட அந்தப் பூட்டு திறக்க 93 ஆண்டுகள் ஆனது ஏன் என்பதும் கூடவே விளங்கியது. 1803இல் வந்த தொழிலாளர் கைப்புத்தகம் பற்றி அவர் சொன்னதும் மனத்தில் தங்கியிருக்கிறது. முதலாளியின் கையெழுத்தோடு அந்தப் புத்தகம் திரும்பக் கிடைக்காவிட்டால் தொழிலாளி அடுத்த இடத்தில் வேலைக்குச் சேர முடியாது. வாங்கிய முன்பணம் தீராவிட்டால் கடனும் அதில் ஏறிக்கொண்டு பின்னாலேயே வரும்.

லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களுக்கு ஏறக்குறைய ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கியது நல்ல முடிவு. முடித்துத் தரும் துணியின் அளவுக்குக் கூலி பெற்ற அவர்கள், குறைந்தபட்சக் கூலிப்பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். 1831 அக்டோபரில் ஆட்சியர் முன்னிலையில் பட்டியல் ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகர்களில் பலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் நகரமே கிளர்ந்தெழுந்தது. உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம் என்ற அவர்களுடைய கொடி வாசகத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். படை நகரத்தை மீட்டபின் பட்டியல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் பக்கத்து அண்டியாபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், பருப்பு உடைப்பதற்கும் தோல் நீக்குவதற்கும் கிலோ கணக்கில் கூலி வாங்கிப் பழகிய பெண்கள் இருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். பட்டியலில் கையெழுத்தாவது வேறு, அது கையில் வந்து சேர்வது வேறு என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வகுப்பில்தான் என் கணக்கின் முதல் முடிச்சு அவிழ்ந்தது. கூட்டாக வேலையை நிறுத்துவது குற்றம் என்ற விதியை 1864ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சங்கம் அமைப்பதை உள்துறை அமைச்சர் வால்டெக்-ரூசோ கொண்டுவந்த 1884 மார்ச் 21 சட்டம்தான் அனுமதித்தது. அதாவது அங்கே வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் இடம் தந்து இருபது ஆண்டுகள் கழித்தே சங்கத்துக்கு இடம் தந்தது. இன்றும் வேலைநிறுத்த உரிமை அந்நாட்டில் தனித்தொழிலாளியின் உரிமையாகவே அரசமைப்பில் நிற்கிறது. தனியார் நிறுவனத்தில் சங்கமே இல்லாவிட்டாலும் தொழிலாளர்கள் சேர்ந்து கோரிக்கை வைத்து வேலையை நிறுத்தலாம். பொதுச் சேவைகளில் மட்டும் சங்கத்தின் வழியாக ஐந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். ரசீது கிழித்த பிறகே போராட்டத்தைப் பற்றிப் பேசிய எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் சங்க விதிகளையும் நிர்வாகிகளின் பெயர்களையும் நகராட்சியில் ஒப்படைக்கச் சொன்னதால், பல சங்கங்கள் அதைக் காவல்துறைக்கு ஆள்காட்டும் வேலையாகவே கருதிச் சந்தேகப்பட்டன என்பதையும் ஆசிரியர் விட்டுவிடவில்லை.

இங்கே அச்சடித்த குறிப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஓர் இயந்திரத்தில் மொழிபெயர்த்து, யாரும் படித்துப் பார்க்காமல் நகலெடுத்துத் தந்திருக்கிறார்கள். ‘பூர்ஸ் துய் திரவாய்’ என்பது தாளில் ‘தொழிலாளர் பங்குச்சந்தை’ ஆகிவிட்டது. உண்மையில் அது நகராட்சி தந்த கட்டடத்தில் இயங்கிய தொழிலாளர் மாளிகை: காசு பிடுங்கும் தனியார் வேலைத்தரகர்களுக்கு மாற்றாக வேலை தேடித் தந்தது, நூலகமும் மாலை வகுப்பும் நடத்தியது, வேலை தேடி ஊர் ஊராக அலைபவர்களுக்கு வழிச்செலவும் கொடுத்தது. பாரிஸில் 1887இல் திறக்கப்பட்டது. 1892இல் இம்மாளிகைகள் ஒரு கூட்டமைப்பாயின. அதன் செயலாளராக 1895 முதல் உழைத்த ஃபெர்னான் பெல்லுத்தியே 33 வயதிலேயே இறந்துபோனார். ஆசிரியர் வாய்மொழியாகத் திருத்தினார் என்பது சரிதான். ஆனால் வகுப்புக்கு வர முடியாமல் தாளை மட்டும் வாங்கிப் போனவர்கள், பிரெஞ்சுத் தொழிலாளிகள் பங்கு வாங்கி விற்றார்கள் என்று நம்பியிருப்பார்கள்.

நான்காவது வகுப்பு 1895இல் லிமோஷ் நகரில் பிறந்த சி.ஜி.டி. என்ற தொழிற்சங்கப் பேரமைப்பையும், கட்சிகளிடமிருந்து சங்கம் விலகி நிற்க வேண்டும் என்று 1906 அக்டோபரில் நிறைவேறிய அமியான் சாசனத்தையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் குரியேர் சுரங்க விபத்தில் 1,099 பேர் மடிந்ததையும், அதைத் தொடர்ந்த வேலைநிறுத்தங்களையும் சொல்லிவிட்டு அவர் சாசனத்துக்கு வந்ததால், அந்தத் தீர்மானம் வெறும் தாளாகத் தெரியவில்லை. கிறித்தவத் தொழிலாளர் பேரமைப்பு 1919இல் உருவானதையும், அதன் பெரும்பான்மையினர் 1964இல் கிறித்தவப் பெயரைக் கைவிட்டு சி.எஃப்.டி.டி. ஆனதையும், சிறுபான்மையினர் பழைய பெயரையே காத்துக்கொண்டதையும் பற்றிக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். தேவாலயப் பங்குக்கு உள்ளேயே மீனவர் சங்கம் நடத்திப் பழகியவர்களுக்கு அந்தப் பிளவு நம்மூர்ச் செய்தியாகவே ஒலித்திருக்க வேண்டும். கேள்விகளுக்கு ஆசிரியர் பொறுமையாக விடை சொன்னார். 1921இல் உடைந்து, 1936இல் சேர்ந்து, 1947இல் மறுபடியும் உடைந்த சி.ஜி.டி.யின் கதையை மட்டும் பங்காளிச் சண்டை போல விரைவாகச் சொல்லிக் கடந்துவிட்டார்.

ஐந்தாவது வகுப்பு 1936 பற்றியது. இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும் தொழிலாளர்கள் ஆலைக்கு உள்ளேயே அமர்ந்து வேலையை நிறுத்தினார்கள். ஜூன் 7 அன்று பிரதமரின் மத்தினியோன் மாளிகையில் முதலாளிகளுக்கும் சி.ஜி.டி.க்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. கூலி 7 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்தது. சட்டங்கள் வழியாக வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பும் வந்தன. என் கேள்விக்கு முழு விடை தந்தது இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் ஜூன் 24 சட்டம். ஒரு தொழில்துறையில் கையெழுத்தான ஒப்பந்தத்தை, கையெழுத்திடாத நிறுவனங்களுக்கும் பொருந்துமாறு அமைச்சர் நீட்டிக்கலாம் என்று அது விதித்தது. உறுப்பினரோ இல்லையோ, அத்துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் அதே கூலி, அதே விடுப்பு. எல்லோருக்கும் கிடைக்கிறதென்றால் சந்தா ஏன் கட்ட வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டார். பத்தில் ஒருவர் என்ற எண்ணுக்குக் காரணமே அந்தக் கேள்விதான் என்றார் ஆசிரியர். அறையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

இந்த வகுப்பில்தான் பெரிய குறையும் இருந்தது. மத்தினியோனுக்கு இரண்டு மாதம்கூட ஆகாத 1936 ஜூலை 30 அன்று, அதே மக்கள் முன்னணி ஆட்சியில் இருந்தபோதே, பிரெஞ்சுப் புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தின் பின்னரே, 1937இல் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. பிரெஞ்சுத் தொழிற்சங்க வரலாற்றில் தமிழ் பேசியவர்களின் இரத்தம் சிந்திய இந்தப் பக்கத்தைத் தமிழில் நடக்கும் வகுப்பில் ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டதை நான் ஏற்க மாட்டேன். இடைவேளையில் ஆசிரியரிடம் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லை என்றார்.

ஆறாவது வகுப்பு ஓட்டமாக ஓடியது. 1968 மே மாத வேலைநிறுத்தமும், குறைந்தபட்சக் கூலியை 35 விழுக்காடு உயர்த்திய கிரெனெல் பேச்சுவார்த்தையும், நிறுவனத்துக்குள் சங்கக் கிளைக்கு இடம் தந்த அதே ஆண்டு டிசம்பர்ச் சட்டமும் அரை மணி நேரத்தில் முடிந்தன. ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கிய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஊர்வலங்களுக்குப் படங்கள் மட்டுமே கிடைத்தன. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் நேரம் ஒதுக்கினார்: நிறுவனத் தேர்தலில் 10 விழுக்காடு வாக்குப் பெற்ற சங்கமே பேச்சுவார்த்தையில் அமரலாம். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுத் திருத்தம் சங்கப் பதிவுக்கே 10 விழுக்காடு அல்லது நூறு தொழிலாளர்கள், இவற்றில் எது குறைவோ அதை உறுப்பினர் பலமாகக் கேட்டது. அங்கே அளவுகோல் வாக்குப்பெட்டிக்கு மாறிவிட்டது.

இடவசதியில் குறையில்லை, முதல் மாடி என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இடைவேளையில் தந்த ரசவடை நன்றாக இருந்தது. ஆறு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு இரண்டு முறை ஏழரை வரை நீண்டதால், வடசேரியில் நெடுநேரம் நின்று பேருந்து பிடித்தேன். அடுத்த தொகுதிக்குக் கட்டணம் 1,100 ரூபாய் என்கிறார்கள். குறிப்புத் தாள்களைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, புதுச்சேரிக்கென ஏழாவது ஞாயிறு ஒன்றையும் சேர்த்தால், நானே இன்னொரு முறை பணம் கட்டுவேன்.