லைஃப் கோச், கவுன்சலிங், மூத்தவரின் யோசனை: மூன்றையும் பார்த்த பிறகு

ஆறு மாதம் ஒரு லைஃப் கோச்சிடம் (நினைத்ததைச் செய்து முடிக்க உதவும் பயிற்சியாளர்) போய் முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதற்குப் பல வருஷம் முன்னால் உளவியல் ஆலோசகர் ஒருவரிடமும் போயிருக்கிறேன். நடுவில் துறையில் மூத்த ஒருவரிடம் யோசனை கேட்டுக் கேட்டே இரண்டு வருஷத்தை ஓட்டினேன். மூன்றில் எனக்குக் கைகொடுத்தது கோச்சிங்தான். அந்தச் சாய்வு கீழே எல்லா வரியிலும் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் பிரச்சினை இதுதான்: கணக்கு வேலையை விட்டு ஆசிரியர் வேலைக்குப் போக வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன படிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், கையில் எவ்வளவு சேமிப்பு வேண்டும் என்று எல்லாமே தெரியும். ஒன்றும் நகரவில்லை.

பொதுவான வித்தியாசங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் தெரிந்ததுதான். ஆலோசகர் மனதில் வலிக்கும் இடத்தைப் பார்ப்பார், தேவைப்பட்டால் பழைய நாட்களுக்கும் போவார். மூத்தவர் தான் போன பாதையைச் சொல்வார். கோச் இரண்டும் செய்ய மாட்டார், கேள்விதான் கேட்பார். நண்பர்கள் கேட்டுக்கொள்வார்கள், ஆறுதலாக இருக்கும், செலவும் இல்லை.

கேள்வி மட்டும் கேட்பதற்கு ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. இந்த முறைக்கு விளையாட்டு மைதானத்திலிருந்து வந்த ஒரு வேர் உண்டு. 1974-இல் டிமத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், கையை இப்படி வை, காலை அப்படி வை என்று கட்டளை போடுவதைவிட ஆடுபவரின் கவனத்தைப் பந்தின் மேல் திருப்பிவிட்டால் உடம்பு தானாகவே திருத்திக்கொள்கிறது என்று எழுதினார். அந்த எண்ணத்தை ஜான் விட்மோர் போன்றவர்கள் அலுவலக உலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1992-இல் வந்த விட்மோரின் புத்தகத்தால் பரவலானதுதான் 'குரோ' (GROW, நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) என்கிற கேள்வி வரிசை: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் இருக்கின்றன, இதில் எதைச் செய்யப்போகிறீர்கள். முதல் மூன்றையும் நான் தனியாகவே நூறு முறை யோசித்திருந்தேன். நான்காவதில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுபோயிருந்தேன்.

முதல் சந்திப்பில் நான் இருபது நிமிஷம் விடாமல் பேசினேன். கோச் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதற்காகப் போன வாரம் என்ன செய்தீர்கள்?" எனக்குப் பதில் இல்லை. அவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப அவர் அவசரப்படவே இல்லை, நான்தான் கடைசியில் "ஒன்றுமே செய்யவில்லை" என்று சொன்னேன். சரி, அடுத்த சந்திப்புக்குள் என்ன செய்வீர்கள் என்றார். ஆசிரியராக மாறிய பழைய சக ஊழியர் ஒருவரிடம் பேசுகிறேன் என்றேன். எந்தக் கிழமை? வியாழன். எத்தனை மணிக்கு? வேலை முடிந்து ஏழு மணிக்கு. எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. 'செய்ய வேண்டும்' என்று நினைப்பதைவிட 'இது நடந்தவுடன் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் முடிச்சுப்போட்டு வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு கோச்சிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: "பேசியாச்சா?" அன்று ஏழு மணிக்கே நான் பேசியிருந்தேன். எட்டு மணிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்ததால்தான் பேசினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான். எந்த உதவியானாலும் நேரில் உட்கார்ந்து பேசுவது வாரத்தில் ஒரு மணி நேரம், இல்லையென்றால் பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்கள். அந்த மீதி நேரத்தில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மூத்தவரிடம் பேசிவிட்டு வரும்போதெல்லாம் எனக்கு அபார உற்சாகம் இருக்கும், மூன்றாம் நாள் வற்றிவிடும். சொன்னதைச் செய்யாமல் திரும்ப அவர் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும், அதனால் போவதையே தள்ளிப்போடுவேன். கடைசி ஆறேழு மாதம் அவருடைய அழைப்பைக்கூட எடுக்காமல் இருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். ஆனால் நான் செய்தேனா இல்லையா என்று கேட்பது அவருடைய வேலை இல்லை. நண்பர்கள் கேட்பார்கள், 'முடியலைடா' என்றால் உடனே விட்டுவிடுவார்கள், பாசம் அப்படித்தான் செய்யும். கவுன்சலிங்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது) மாதிரியான முறைகளில் வீட்டுப்பாடம் உண்டு, அடுத்த முறை அதைப் பற்றிக் கேட்கவும் செய்வார்கள். நான் போனது அந்த வகை இல்லை. ஆகவே 'கவுன்சலிங்கில் பேச்சு மட்டும்தான்' என்று என் அனுபவத்தை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, செய்யாமல் போன வாரம். மூன்றாவது சந்திப்புக்குள் வேலைக்கு அனுப்பும் சுயவிவரத்தைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், ஒரு எழுத்துகூட எழுதவில்லை. திட்டு விழும் என்று தயாராகப் போனேன். அவர் "எந்த இடத்தில் நின்றது?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், கோப்பைத் திறந்தவுடனே பத்து வருஷக் கணக்கு வேலை வரிசையாகக் கண்ணில் படும், இதில் ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தோன்றும், மூடிவிடுவேன். அவர் வேலையைச் சின்னதாக்கினார்: மேலே ஒரு வரி மட்டும், நான் யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று. புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு நான்தான் வேலை பழக்கினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கே வந்தது. மற்ற வரிகள் அந்த வார இறுதியிலேயே எழுதியாகிவிட்டன.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மிகப் பெரிய குறை, யார் வேண்டுமானாலும் தன்னை லைஃப் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம். மனநல மருத்துவருக்கு இருப்பது மாதிரியான சட்டப்பூர்வ உரிமம் இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளில் இல்லை. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தன்னளவில் சில தகுதிச் சான்றிதழ்களை வைத்திருக்கிறது. அதன் மூன்று படிகளுக்கு முறையே 100, 500, 2500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் கேட்கிறார்கள், பயிற்சி வகுப்புகள் தனி. அந்தச் சான்றிதழ் இருந்தால் நல்லவர் என்று உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் எங்கே படித்தார், எத்தனை மணி நேரம் செய்திருக்கிறார், தொடர்ந்து யாரிடமாவது தன் வேலையைக் காட்டித் திருத்திக்கொள்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவர் வேண்டாம்.

எனக்கே முதலில் ஒருவர் தவறாக அமைந்தார். முதல் அழைப்பிலேயே தொண்ணூறு நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்றார், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொன்னார், இரண்டாவது அழைப்பில் நானே கோச் ஆவதற்கான அவருடைய வகுப்பில் சேரச் சொன்னார். விலகிவிட்டேன். பலனுக்கு உத்தரவாதம் தருகிறவரிடமும், ஒரு சந்திப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்க விடாதவரிடமும் போகாதீர்கள்.

பேசியதை வெளியே சொல்லாமல் இருப்பதிலும் வித்தியாசம் உண்டு. ஆலோசகருக்குத் தொழில் விதிகள் இருக்கும், கோச்சிடம் நீங்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்தான் இருக்கும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோச்சிங் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் நிலைமையும் இருக்கிறது, இதில் எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழுந்திருப்பதே மலையாக இருக்கிறது, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது குறிக்கோள் இல்லாத குறை இல்லை. மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போக வேண்டும், உயிரைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே. நான் முன்பு ஆலோசகரிடம் போனது அப்பாவை இழந்த சமயம். அப்போது யாராவது "இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள்" என்று கேட்டிருந்தால் உடைந்துபோயிருப்பேன். எனக்கு அப்போது யாராவது கூடவே உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் இருந்தது, அவர் அதைத்தான் செய்தார். நல்ல கோச் இந்த எல்லையைத் தெரிந்துவைத்திருப்பார், தன்னால் ஆகாது என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

துறையே புதிது, எப்படி நுழைவது என்றே தெரியாது என்றாலும் கோச் வேண்டாம். பதில் உங்களுக்குள்ளே இல்லாதபோது கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது, அங்கே மூத்தவர்தான் சரி.

என் அனுபவம் ஒரு கோச், ஒரு குறிக்கோள், ஆறு மாதம், அவ்வளவுதான். திருமண உறவு, குழந்தை வளர்ப்பு மாதிரியான விஷயங்களில் இது எப்படி வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. குழுவாகச் சேர்ந்து செய்யும் கோச்சிங்கும் நான் பார்த்ததில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலை வகுப்பு எடுக்கிறேன், முழு நேர வேலை இன்னும் கிடைக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். தள்ளிப்போட்ட வேலையில் மிகச் சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, கிழமை, மணி, இடம் மூன்றையும் எழுதி, சட்டென்று இரக்கப்படாத ஒருவரிடம் கொடுத்து, அந்த மணி தாண்டியதும் "ஆச்சா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நான்கு வாரம். அதிலேயே வேலை நகர்ந்துவிட்டால் உங்களுக்குக் கோச் தேவையில்லை. கோச்சிங் முடிந்த பிறகு நானும் அந்தப் பழைய சக ஊழியரும் இப்படித்தான் செய்கிறோம், வியாழன் இரவு எட்டு மணிக்கு.